ஹாஷ் ஓட்டம்: வேகமாக ஓடுபவரை வழிதவற வைக்கும் விளையாட்டு

கோலாலம்பூருக்குப் பணிமாற்றமாகி வந்து சில மாதங்களே ஆன ஒருவரின் கேள்வி இது. அவருடைய அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் திங்கட்கிழமை மாலைகளில் "ஹாஷ்" ஓடப் போகிறார். மறுநாள் கை கால்களில் கீறல்களோடும் முகத்தில் காரணம் விளங்காத மகிழ்ச்சியோடும் வேலைக்கு வருகிறார். இது ஓட்டப் பந்தயமா, குடிக்கூட்டமா? மது அருந்தாத, வேகமாக ஓடவும் தெரியாத ஒருவர் இதில் சேரலாமா? காட்டில் வழிதவறினால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கான விடையில்தான் மற்ற விடைகளும் அடங்கியிருக்கின்றன. ஹாஷ் ஓட்டத்தில் வழிதவறுவது எதிர்பாராமல் நேரும் தவறு அன்று, வழிதவற வேண்டும் என்றே அந்த ஓட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் பாய்ந்து செல்பவர்கள் திரும்பத் திரும்ப ஏமாந்து நிற்க வேண்டும், பின்னால் மூச்சிரைக்க வருபவர்கள் அதற்குள் அவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். அதனால் இருபத்தைந்து வயதுக்காரரும் அறுபத்தைந்து வயதுக்காரரும் ஒரே பாதையில் புறப்பட்டு ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்ப முடிகிறது. ஓட்டத்தின் வேடிக்கையும் அதன் விபத்துகளில் பெரும்பகுதியும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறக்கின்றன என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் ஊர்தான் இந்த விளையாட்டின் பிறப்பிடம். இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் ஹாஷ் குழுக்கள் இருந்தாலும், அவை எல்லாம் தங்கள் தாய்க் குழுவாகக் கருதுவது 1938 டிசம்பரில் கோலாலம்பூரில் தொடங்கிய குழுவைத்தான். ஆல்பர்ட் ஸ்டீபன் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர்கள் சிலரும் அதைத் தொடங்கினார்கள். பள்ளிச் சிறுவர்கள் இருவர் முயலாக முன்னே ஓடிக் காகிதத் துணுக்குகளை இறைத்துச் செல்ல, மற்றவர்கள் வேட்டை நாய்களாக அந்தத் தடத்தைத் துரத்தும் விளையாட்டு இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. மலாயாவிலும் கிஸ்பர்ட்டுக்கு முன்பே அத்தகைய குழுக்கள் ஓடியிருக்கின்றன, மலாக்காவில் அப்படிப்பட்ட ஒன்றோடு ஓடிப் பழகியவர் அவர். இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் திடலை ஒட்டிய சிலாங்கூர் கிளப்பைச் சேர்ந்த விடுதியில்தான் திருமணமாகாத இளைஞர்கள் பலர் தங்கிச் சாப்பிட்டார்கள். ஹாஷ் என்றால் நறுக்கிய இறைச்சியைக் கிளறிச் செய்யும் உணவு; அங்கே கிடைத்த சுவையற்ற சாப்பாட்டைக் கிண்டல் செய்து அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த "ஹாஷ் ஹவுஸ்" என்ற பட்டப்பெயரே குழுவின் பெயராக நிலைத்துவிட்டது.

போர் வந்தபோது ஓட்டம் நின்றது. சிங்கப்பூர் சரணடைவதற்கு நான்கு நாட்களுக்கு முன், 1942 பிப்ரவரி 11 அன்று, அந்தத் தீவைக் காக்கும் சண்டையில் கிஸ்பர்ட் உயிரிழந்தார். எஞ்சியவர்கள் 1946இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, போரில் தொலைந்த குழுச் சொத்துக்களுக்காக அரசாங்கத்திடம் இழப்பீடு கேட்டார்கள். ஒரு தகரத் தொட்டி, இரண்டு டஜன் எனாமல் குவளைகள், இரண்டு பழைய பைகள் ஆகியவையே அந்தச் சொத்துக்கள் என்று அவர்களுடைய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1950இல் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தபோது தந்த நோக்கங்களும் இதே போக்கில்தான் இருந்தன: உறுப்பினர்களின் உடல்நலத்தை வளர்ப்பது, வார இறுதிக் குடியின் மயக்கத்தைப் போக்குவது, நல்ல தாகத்தை உண்டாக்கி அதைப் பியரால் தணிப்பது, தாங்கள் நினைக்கும் அளவுக்குத் தங்களுக்கு வயதாகிவிடவில்லை என்று மூத்தவர்களுக்கு உணர்த்துவது. இது ஓட்டப் பந்தயமா, குடிக்கூட்டமா என்ற உங்கள் கேள்விக்கு அவர்களே முக்கால் நூற்றாண்டுக்கு முன் எழுத்துமூலம் விடையளித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகும் ஓட்டம் முழுமையாக நின்றுவிடவில்லை. ஊரடங்கும் காட்டோரங்களில் பதுங்கியிருந்த ஆயுதக் குழுக்களும் இருந்த காலத்தில், அரைக்கால் சட்டை அணிந்த வெள்ளைக்காரர்கள் கூச்சலிட்டுக்கொண்டு புதருக்குள் ஓடியது எவ்வளவு விவேகமானது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். செராஸ் பக்கம் தடம் போடப் போன முயல்கள், தரையில் விரிப்புகளுக்கு அடியில் படுத்துக்கிடந்த ஒரு கம்யூனிஸ்டுக் குழுவின் மேல் ஏறக்குறைய இடறி விழுந்துவிட்டார்கள் என்ற கதையை ஹாஷ்காரர்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

இந்த வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம் நமக்குரியது. அந்தக் காலத்தில் ஹாஷ் ஓடிய நிலமெல்லாம் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்கள், அவற்றில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பொழுது விடியும் முன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெட்டுக்காரர்களின் வேலை இருட்டில் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். மாலையில் தோட்டம் ஆளரவமற்றுக் கிடக்கும். திங்கட்கிழமை மாலை ஓட்டத்துக்கு ஆள் நடமாட்டமில்லாத, புதர் வெட்டிய, நிழலான நிலம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததற்கு அந்த அதிகாலை உழைப்பும் ஒரு காரணம். லயங்களின் வாசலில் உட்கார்ந்திருந்த நம் முன்னோர், துரைமார் காகிதத்தைத் தேடிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடுவதைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாராவது எழுதி வைத்திருந்தால் அது இந்த விளையாட்டைப் பற்றிய மிகச் சிறந்த விமர்சனமாக இருந்திருக்கும். பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறின. தலைநகரத்தில் மாலை நேர ஓட்டக்காரர்கள் அதிகம் நாடும் புக்கிட் கியாரா குன்றும் ஒரு காலத்தில் தோட்டம்தான். தோட்டம் மூடப்பட்டபின் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் தற்காலிகமாகக் கட்டித்தந்த நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அந்தப் பாதையில் ஓடும்போது இடையிடையே தென்படும் பழைய ரப்பர் மரங்களைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டத்தின் விதிகளுக்கு வருவோம். ஒவ்வொரு வாரமும் ஒருவரோ இருவரோ முயலாகப் பொறுப்பேற்று முன்கூட்டியே தடம் போட்டுவிடுவார்கள். நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் தடம் என்பது பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாகக் கிளையிலோ புல்லிலோ செருகப்பட்ட காகிதத் துண்டுதான். நகர வீதிகளில் ஓடும் குழுக்கள் சில சுண்ணக்கட்டியையோ மாவையோ பயன்படுத்துகின்றன. மாலை ஆறு மணி வாக்கில் கொம்பு ஊதப்பட்டதும் கூட்டம் காகிதத்தைப் பின்தொடர்ந்து புறப்படும். சில நூறு மீட்டர் கழித்துக் காகிதம் திடீரென்று முடிந்துவிடும், அந்த இடத்துக்குச் "செக்" என்று பெயர். அங்கிருந்து உண்மையான தடம் எந்தத் திசையில் தொடர்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான்கு காகிதம் வரை நம்பவைத்து அதன்பின் ஒன்றுமில்லாமல் போகும் போலித் தடங்களையும் முயல்கள் போட்டு வைத்திருப்பார்கள்.

முதல் செக்கில் நடப்பதைக் கவனித்தால் விளையாட்டு புரிந்துவிடும். வேகமான ஏழெட்டுப் பேர் முதலில் வந்து சேர்ந்து, நிற்காமல் ஆளுக்கொரு திசையில் சிதறுகிறார்கள். ஒருவர் மேட்டில் ஏறுகிறார், ஒருவர் வாய்க்காலைத் தாண்டுகிறார், ஒருவர் முந்தைய வாரம் பட்ட அடியை மறக்காமல் பாதையிலேயே நின்று மற்றவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். பின்னால் வருபவர்கள் "ஆர் யூ?" என்று கத்துகிறார்கள். தேடுபவர்களிடமிருந்து "செக்கிங்!" என்று பதில் வருகிறது. எங்கோ கீழே, ஓடைக்கு அப்பாலிருந்து "பேப்பர்!" என்று ஒரு குரல், சற்றுக் கழித்து "ஆன் ஆன்!" என்று அதே குரல் உறுதிப்படுத்த, கொம்பு ஊதப்படுகிறது. மேட்டின் உச்சிவரை ஏறிவிட்ட வேகக்காரர் இப்போது கூட்டத்தின் கடைசி ஆள். அப்போதுதான் செக்குக்கு நடந்து வந்து சேர்ந்த தொந்திக்காரர் முதல் பத்துப் பேரில் ஒருவர். அடுத்த செக்கில் இந்த வரிசை மறுபடியும் கலையும். தேடப் போனவர் தடம் கிடைத்தும் கூவாமல் தன் போக்கில் ஓடிவிட்டால் அது பெருங்குற்றம், ஏனென்றால் பின்னால் வருபவர்கள் நம்பியிருப்பது காகிதத்தைவிடக் குரலைத்தான். ரப்பர்த் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இடைவெளியில் ஒரே மாதிரி மரங்கள் நிற்பதால், அங்கே கண்ணைவிடக் காதே வழிகாட்டி என்பது ஒருமுறை ஓடினாலே விளங்கிவிடும்.

முயலின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. செக்குகளை அதிகம் வைத்தால் கூட்டம் நின்று நின்று கொசுக்கடி வாங்கும், குறைத்தால் வேகக்காரர்கள் தப்பிப் போய்விடுவார்கள், வயதானவர்கள் தனியே நடுக்காட்டில் நிற்பார்கள். நல்ல முயல், தடத்தை அகன்ற வளையமாகப் போட்டு, குறுக்கு வழி தேடும் கில்லாடிகளுக்கும் இரண்டொரு இடத்தில் வாய்ப்பு வைத்திருப்பார். மோசமான முயல் வரைபடத்தைப் பார்த்துப் பாதையைத் தீர்மானித்துவிட்டு, காலால் நடந்து பார்க்க மறந்திருப்பார். நான் பார்த்த சங்கடங்களில் பாதிக்குமேல் இந்த இரண்டாவது வகையினரின் கைங்கரியம்.

சங்கடங்களில் தலையாயது வெளிச்சம். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குமேல் நீடிப்பதில்லை, மரங்களுக்கு அடியில் அதுவும் கிடையாது. ஆறு மணிக்குப் புறப்படும் கூட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் கையிருப்பு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதால்தான் வேலை முடிந்து வருபவர்களுக்கு இந்த அளவாவது மாலை மிஞ்சுகிறது. எட்டு கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட தடம் ஏற்ற இறக்கங்களோடு பத்தாகிவிட்டால், கடைசியில் வருபவர் இருட்டில் வெள்ளைக் காகிதத்தைத் தடவிக்கொண்டுதான் வர வேண்டும். எனவே பட்டப்பகல் போல வெயில் அடித்தாலும் டார்ச் விளக்கு இல்லாமல் புறப்படாதீர்கள். கைப்பேசி விளக்கை நம்பிப் போகிறவருக்கு, மின்னூட்டம் தீரும்போது விளக்கும் தொலைபேசியும் சேர்ந்தே போய்விடுகின்றன.

அடுத்தது காகிதம். ஞாயிற்றுக்கிழமை போட்ட தடத்தின்மேல் திங்கட்கிழமை பிற்பகல் மழை கொட்டினால் காகிதம் கூழாகிக் கரைந்துவிடும். மேலும், தலைநகரத்தைச் சுற்றி ஒரே காட்டைப் பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்வதால், ஒரு குழுவின் பழைய காகிதம் இன்னொரு குழுவின் புதிய தடத்தைக் குறுக்கே வெட்டுவது உண்டு. நான் உடனிருந்த ஓர் ஓட்டத்தில் கூட்டத்தின் பாதிப் பேர், இரண்டு நாளுக்கு முந்தைய வேறொரு குழுவின் தடத்தில் உற்சாகமாகக் கூவிக்கொண்டே போய், நாங்கள் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு மலையின் எதிர்ப்பக்கத்தில், காலிப் போத்தல்கள் கிடந்த ஒரு மைதானத்தில் இறங்கினோம். சேறு வழியும் சப்பாத்துகளோடு நெடுஞ்சாலை ஓரமாக மூன்று கிலோமீட்டர் நடந்து திரும்பிய எங்களைப் பார்த்து, வழியிலிருந்த சாப்பாட்டுக் கடைக்காரர் என்ன விபத்து என்று விசாரித்தார். மறுவாரமே அந்தக் குழு வண்ணக் காகிதத்துக்கு மாறியது.

காகிதத்துக்குப் பதில் மாவு என்றால் வேறு விதமான தொல்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரத்து ஐக்கியா கடையின் கார் நிறுத்துமிடத்தில் முயல்கள் இருவர் மாவால் தடம் போட்டுச் சென்றார்கள். ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமிப் பொடித் தாக்குதல்களின் அச்சம் தணியாதிருந்த நாடு அது. வெள்ளைப் பொடியைக் கண்டு கடையையே காலி செய்துவிட்டார்கள், முயல்கள்மீது வழக்கும் பதிவாயிற்று. ஓட்டக்காரர்களுக்குத் தெளிவாகத் தெரியும் குறி, வழியில் போகும் மற்றவர்களுக்கு என்னவாகத் தெரியும் என்று முயல்கள் யோசிக்கத் தொடங்கியது இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான்.

உண்மையாகவே வழிதவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாகக் கண்ட காகிதத்துக்குத் திரும்பிப் போய் அங்கேயே நில்லுங்கள். தேடி வருபவர்கள் தடத்தின் வழியேதான் வருவார்கள், ஏனெனில் முயல்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "ஓடையைப் பின்பற்றினால் ஊர் வந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம், நம் மலைப் பகுதிகளில் ஓடையைப் பின்பற்றினால் முதலில் வருவது அருவியின் விளிம்பு. செம்பனைத் தோட்டமாக இருந்தால் கவலை குறைவு, குலை ஏற்றிச் செல்லும் வண்டிப்பாதைகள் எல்லாம் ஏதோ ஒரு பெரிய சாலையில்தான் போய் முடியும். ஒழுங்கான குழுவில் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஓட்டம் முடிந்து எல்லோரும் குடித்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே பொறுப்பிலிருப்பவர் ஒருவர் கார்களைப் பார்வையிட்டுக்கொண்டிருப்பார். உரிமையாளர் வந்து சட்டை மாற்றாத கார் ஒன்று நின்றால், அதன் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். உடனே முயல்கள் கொம்போடும் விளக்கோடும் திரும்பக் காட்டுக்குள் போவார்கள். அதற்கும் அகப்படாவிட்டால்தான் 999ஐ அழைத்துப் போம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புப் படை வீரர்களை வரவழைப்பது. நண்பரின் காரில் தொற்றிக்கொண்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் குழப்பிவிடுகிறார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை நள்ளிரவுவரை காட்டில் தேடிய கதை இல்லாத ஹாஷ் குழு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் மின்னலுக்குப் பயப்படுங்கள், பாம்புக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கோலாலம்பூர் அமைந்திருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மின்னல் மிக அதிகம், மலை முகட்டில் ஓடும்போது இடி கேட்டால் கௌரவம் பார்க்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். பாம்புகளோ கூட்டத்தின் கூச்சலையும் காலதிர்வையும் உணர்ந்து பெரும்பாலும் விலகிவிடும். ஆனாலும் செம்பனைத் தோட்டத்தில் வெட்டிக் குவித்த மட்டைகளின்மேல் மிதித்து ஓடாதீர்கள். எலிகளைத் தேடி நாகம் தங்குவது அங்கேதான், மட்டையின் முள்ளும் சப்பாத்தின் அடியைத் துளைக்கும். உங்கள் அலுவலக நண்பரின் கீறல்கள் பிரம்புக் கொடியின் வேலையாக இருக்கும். அதன் முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் இழுக்க இழுக்க ஆழமாகப் பிடிக்கும், ஒரு அடி பின்னால் வைத்தால் தானாக விட்டுவிடும். வேகமாக ஓடுபவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. அட்டை கடிப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் உதிர்ந்த பின்னும் நெடுநேரம் கசியும், அவ்வளவே. வெள்ளைக் காலுறை சிவப்பாவதைப் பார்த்து மயங்கி விழுந்த வாட்டசாட்டமான ஆண்களைப் பற்றிப் பெண்கள் குழுவினர் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல், சேற்று நீரிலும் ஓடையிலும் உள்ள கிருமி தோலின் கீறல் வழியாக உடலில் புகுவதால் வருவது. கீறலும் சேறும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஹாஷ் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு, பல நாடுகளிலிருந்து வந்து செகாமா ஆற்றில் இறங்கிய போட்டியாளர்கள் பலருக்கு இந்தக் காய்ச்சல் கண்டது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு. ஓட்டம் முடிந்து ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் போய், காட்டில் ஓடியதை நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் டெங்கிக்குச் சோதித்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கே கட்டுப்படும் நோய் இது.

ஓட்டத்துக்குப் பிறகு நடப்பதுதான் "சர்க்கிள்". எல்லோரும் வட்டமாக நிற்க, கிராண்ட் மாஸ்டர் என்ற தலைவர் அன்றைய குற்றவாளிகளை ஒவ்வொருவராக நடுவே அழைப்பார். காகிதம் கண்டும் கூவாதவர், குறுக்கு வழியில் வந்து முதலில் சேர்ந்தவர், ஓடும்போது தொலைபேசியில் அலுவலகத்தோடு பேசியவர், தடத்தை இருட்டுவரை நீட்டிய முயல் என்று யாரும் தப்ப முடியாது. குற்றமே செய்யாதவரையும், குற்றமே செய்யாத குற்றத்துக்காக அழைப்பார்கள். நம் நாட்டுக் குழுக்களில் பெரிய பனிக்கட்டிப் பாளம் ஒன்று தயாராக இருக்கும். குற்றவாளி அதன்மேல் உட்கார்ந்து, பாட்டு முடிவதற்குள் குவளையைக் காலி செய்ய வேண்டும், மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு "டௌன் டௌன்" என்று பெயர். நிறுவன இயக்குநர் ஒருவர் சொட்டச் சொட்டப் பனிக்கட்டிமேல் உட்கார்ந்திருக்க, அவருடைய வண்டியோட்டி வட்டத்தில் நின்று கைதட்டிப் பாடும் காட்சி இந்த ஊரில் வேறெங்கும் காணக் கிடைக்காது. என் கருத்தில் இந்த விளையாட்டு எண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்பதற்குச் செக்குக்கு அடுத்த காரணம் இந்தப் பனிக்கட்டிதான். பாட்டுகளின் தரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது. சில குழுக்களில் அவை வெறும் ஆபாசம், உறுப்பினர்களுக்குச் சூட்டப்படும் பட்டப்பெயர்களும் அப்படியே. இதைக் கலாசாரம் என்று மெச்சுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் மது அருந்தாதவர் என்பது தடை இல்லை. குளிர்பானமோ வெறும் தண்ணீரோ கேட்டால் கொடுப்பார்கள், சட்டமும் சமயமும் தடுப்பதால் முஸ்லிம் உறுப்பினர்களும் அப்படித்தான் கலந்துகொள்கிறார்கள். முதல் நாளே தயங்காமல் சொல்லிவிடுங்கள், தயங்குபவரைத்தான் வற்புறுத்துவார்கள். வியர்த்துக் கொட்டியபின் பியர் குடிப்பது தாகத்தைத் தணிக்கும் என்று குழுவின் சாசனமே சொன்னாலும், உடல் இழந்த நீரை அது ஈடுசெய்யாது, முதலில் தண்ணீர் குடிப்பதே முறை. குடிப்பவர்கள் வண்டி ஓட்டுவதுதான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன், காட்டில் உள்ள எதுவும் அதற்கு ஈடில்லை. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த மது வரம்பை 50ஆகக் குறைத்துத் தண்டனையையும் கடுமையாக்கியது. குடிக்காத உறுப்பினருக்கு அதன்பின் குழுவில் தனி மதிப்பு, வீடு திரும்ப எல்லோரும் அவருடைய காரைத்தான் தேடுவார்கள்.

எந்தக் குழுவில் சேர்வது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஓடும் தாய்க் குழு ஆண்களுக்கு மட்டுமானது, அந்த மரபை அவர்கள் விடவில்லை. பெண்கள் தொடங்கிய ஹாரியட்ஸ் குழுக்கள் 1970களிலிருந்து ஓடுகின்றன, அவற்றில் பெரும்பாலும் ஆண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வார இறுதியில் குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் ஓடும் குழுக்களும் உண்டு, பாட்டும் அங்கே கேட்கும்படியாக இருக்கும், தடமும் குட்டையாக இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலகக் குழுக்கள் கூடும் இன்டர்ஹாஷ் திருவிழா 1978இல் ஹாங்காங்கில் தொடங்கி 1980இல் கோலாலம்பூருக்கு வந்தது. அதையெல்லாம் ஓராண்டு ஓடிய பிறகு யோசித்துக்கொள்ளலாம். மெதுவாக ஓடும் புதியவர் என்ற முறையில் குடும்பக் குழுவொன்றில் விருந்தினர் கட்டணம் செலுத்தி ஓரிரு வாரம் ஓடிப் பார்த்துவிட்டு, பிறகு நண்பரின் திங்கட்கிழமைக் குழுவுக்குப் போவது நல்லது என்பேன்.

முதல் நாளுக்கு வேண்டியவை டார்ச், தண்ணீர், முழங்காலை மூடும் நீண்ட காலுறை, விசில், மாற்றுச் சட்டை, கார் இருக்கையில் விரிக்கப் பழைய துண்டு. கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், முட்புதரில் விழுந்த சாவியை இரவில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குழுவில் நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் ஓடுங்கள், "ஆர் யூ?" என்று கத்தக் கூச்சப்படாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஓட்டத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். அது யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் போதும், சேற்றில் எட்டு கிலோமீட்டர் ஓடிய அதே சப்பாத்தில் பானத்தை ஊற்றி உங்களைக் குடிக்க வைப்பார்கள், குளிர்பானம் குடிப்பவருக்கும் அதில் விலக்கு கிடையாது.